பிவட்டில் குரூப் பண்ணாதீங்க, தனியா ஒரு மேப் ஷீட் வைங்க

சம்பளம் 58,000 ரூபாய், செலவு 61,300 ரூபாய். போன வாரம் ஒரு தம்பி அனுப்பின எக்செல் ஷீட்டில் இப்படித்தான் இருந்தது. "அண்ணா, எஸ்ஐபியை நிறுத்திடலாமா?"ன்னு கேட்டிருந்தார். ஷீட்டைத் திறந்து பார்த்தா, வகை பிரிச்ச இடத்தில்தான் கோளாறு.

பேங்க் ஸ்டேட்மென்ட், கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் இரண்டையும் ஒரே ஷீட்டில் ஒட்டி, பிவட் டேபிள் போட்டு, பெயர்களை செலக்ட் பண்ணி ரைட் கிளிக்கில் 'குரூப்' கொடுத்திருந்தார். அடுத்த மாசம் புதுப் பெயர் வந்தா அது எந்த குரூப்பிலும் சேராம வெளியே நிற்கும். மாசா மாசம் இதையே செய்ய யாருக்குப் பொறுமை இருக்கு?

அதுக்குப் பதிலா இரண்டாவது ஷீட் ஒண்ணு திறந்து, இன்சர்ட் மெனுவில் டேபிளா மாத்திக்கோங்க. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் வகை. யுபிஐயில் அண்ணாச்சி கடைக்குப் பதிலா பெரும்பாலும் கடைக்காரர் பெயர்தான் வரும். அதுக்கு நேரா 'மளிகை'ன்னு ஒரு தடவை எழுதினா போதும். செலவு ஷீட்டில் விலுக்அப் அந்த வகையை எடுத்துக்கும். கடைசி ஆர்க்யுமென்ட் ஃபால்ஸ்னு கொடுக்க மறக்காதீங்க, இல்லைன்னா தப்பான வகையை எடுத்துட்டு வரும். புதுப் பெயருக்கு என்/ஏ எரர் வரும். வரட்டும்! இஃப்எரர் போட்டு 'இதர செலவு'க்குள்ள தள்ளாதீங்க. அந்த எரர்தான் உங்களுக்கு வாட்ச்மேன்.

இப்போ முக்கியமான விஷயம். உணவு, வாடகை, பெட்ரோல் மாதிரி 'பரிமாற்றம்'னு ஒரு வகையும் கட்டாயம் வேணும். தம்பி கார்டில் வாங்கினது 11,800. அந்த பில்லை பேங்க்கிலிருந்து கட்டினதும் 11,800. இரண்டும் செலவில் ஏறியிருந்தது. எஸ்ஐபி 5,000-மும் செலவா உட்கார்ந்திருந்தது. அது உங்க பணம், இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். (ஆடிட்டில் பெரிய கம்பெனி லெட்ஜரிலேயே இந்த டபுள் என்ட்ரி கூத்தைப் பார்த்திருக்கேன்!)

கார்டு பில்லையும் எஸ்ஐபியையும் மேப் ஷீட்டில் பரிமாற்றமா மாத்தினதும் உண்மையான செலவு 44,500-க்கு வந்தது. எஸ்ஐபி போக கையில் 8,500 மிச்சம். "அப்போ எஸ்ஐபியை 2,000 கூட்டலாமா அண்ணா?"ன்னு உடனே அடுத்த மெசேஜ். முதல்ல எமர்ஜென்சி ஃபண்ட் எவ்வளவு இருக்குன்னு கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரலை.