மண்ணுக்கடியில் ஒரு தேடல்

உடலுக்குள் என்ன கோளாறு என்பதை அறிய மருத்துவர் உடனே அறுவை செய்வதில்லை. முதலில் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்க்கிறார். அதுபோல, மண்ணுக்கடியில் பரவும் மாசையும் தோண்டாமலே கண்டறிய முடியுமா? முடியும் என்கிறது புவி இயற்பியல்.

பழைய குப்பைமேடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன்மீது பெய்யும் மழைநீர், குப்பையிலுள்ள உப்புகளையும் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு, கறுத்த கசிவுநீராக மண்ணுக்குள் இறங்குகிறது. அது நிலத்தடி நீருடன் கலந்தால் அருகிலுள்ள கிணறுகள் கெட்டுப்போகும். கிளந்தான் மாநிலத்தில் பலர் குடிநீருக்கு நிலத்தடி நீரையே நம்பியுள்ளனர். இத்தகைய இடங்களில் மாசு எந்தத் திசையில், எவ்வளவு ஆழத்தில் நகர்கிறது என்பதை அறிவது மிக இன்றியமையாதது.

ஆனால், கண்ட இடமெல்லாம் துளையிடுவது ஆபத்து. மாசைத் தடுத்து நிற்கும் களிமண் அடுக்கு துளைபட்டால், மாசு மேலும் ஆழத்திற்கு இறங்க அதுவே வழியாகிவிடும்.

இங்குதான் மின்தடை அளவாய்வு கைகொடுக்கிறது. ஆய்வாளர்கள் எஃகு மின்முனைகளைச் சம இடைவெளியில் வரிசையாக மண்ணில் ஊன்றுகின்றனர். இரண்டு முனைகளின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, வேறு இரண்டு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை அளக்கின்றனர். முனைகளுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டினால், இன்னும் ஆழத்திலுள்ள மண்ணின் நிலை தெரியவரும். உப்பு மிகுந்த கசிவுநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். ஆகவே, அது பரவிய இடத்தில் மின்தடை குறைந்திருக்கும்.

இம்முறையின் முன்னோடிகளுள் ஒருவரான கொன்ராட் ஸ்லம்பர்ஜர், 1912இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி ஆராய்ந்தார். இன்று, அளவுகளைக் கணினி வண்ணப் படமாக மாற்றித் தருகிறது. இதற்காக உலகின் பல நாடுகளில் பயன்படும் மென்பொருளை உருவாக்கியவர், நம் பினாங்கைச் சேர்ந்த முனைவர் எம்.எச். லோக் ஆவார்.

எனினும், படம் மட்டுமே முடிவாகாது. ஈரமான களிமண்ணும் மின்தடையைக் குறைத்துக் காட்டும். பெட்ரோலோ மின்சாரத்தை எளிதில் கடத்தாது. எனவே, படம் ஐயத்திற்குரிய இடத்தைச் சுட்டும். அங்குத் துளையிட்டு எடுக்கும் நீர் மாதிரியே உண்மையை உறுதிப்படுத்தும். பல துளைகளுக்குப் பதிலாகச் சில துளைகளே போதும்.

நிலத்தடி நீரில் கலந்த மாசை அகற்றப் பல ஆண்டுகள் ஆகலாம். நாம் குப்பையில் வீசும் பழைய மின்கலமும் அம்மாசுக்குக் காரணமாகலாம். ஆகவே, அதனை மறுசுழற்சிக்கு அனுப்புவது நம் கடமையாகும்.

சிந்தித்து விடையளிப்போம்

1. குப்பைமேட்டைச் சுற்றிப் பல இடங்களில் துளையிடுவது ஏன் ஆபத்தானது?
2. ஓரிடத்தில் மின்தடை குறைந்திருந்தால், அங்கு மாசு உள்ளது என உறுதியாகக் கூறலாமா? காரணம் தருக.