தள்ளுவண்டியும் தளரா உள்ளமும்

தூத்துக்குடி மாவட்டம் நாகலாபுரத்தைச் சேர்ந்தவர் பிரேம் கணபதி. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திச் சென்னையில் பணிபுரிந்தார். 1990இல், நல்ல ஊதியம் கிடைக்கும் என்று அறிமுகமானவர் ஒருவர் கூறியதை நம்பிப் பம்பாய் சென்றார். அழைத்துச் சென்றவரோ பாந்திராவில் அவரைக் கைவிட்டு மறைந்தார். அப்போது கணபதிக்கு வயது 17, இந்தி தெரியாது.

தாராவி மாரியம்மன் கோயிலில் இருந்த தமிழர்கள், ஊர் திரும்பப் பணம் திரட்டித் தர முன்வந்தனர். அவர் திரும்ப விரும்பவில்லை. மாகிமில் ஒரு பேக்கரியில் பாத்திரம் கழுவும் வேலையில் சேர்ந்தார். மாத ஊதியம் 150 ரூபாய்.

1992இல் வாஷி ரயில் நிலையத்தருகே தள்ளுவண்டியில் இட்லி, தோசை விற்கத் தொடங்கினார். மாநகராட்சியினர் வண்டியைப் பறிமுதல் செய்தபோதெல்லாம் அபராதம் செலுத்தி மீட்டார். 1997இல் சிறு கடை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். சீனச் சமையலின் சுவையைத் தோசையோடு இணைத்துச் செஸ்வான் தோசை முதலிய புதுவகைகளைப் படைத்தார். 2003இல் வாஷியின் வணிக வளாகத்தில் 'தோசா பிளாசா' தோன்றியது. பின்னர் வெளிநாடுகளிலும் அதன் கிளைகள் அமைந்தன.

தோசை தமிழருக்குப் புதிதன்று. அதை அந்நகர மக்களின் நாவிற்கேற்ப மாற்றியதே அவரது புதுமை. தம் மரபையும் விடவில்லை. புகுந்த ஊரின் விருப்பத்தையும் புறக்கணிக்கவில்லை.

அருஞ்சொற்பொருள்
பறிமுதல் – அரசு கைப்பற்றுதல்
அபராதம் – தண்டத்தொகை
மரபு – வழிவழி வந்த முறை

விடையளிக்க
1. தாராவித் தமிழர்கள் கணபதிக்கு எவ்வாறு உதவ முன்வந்தனர்?
2. அவரது தோசையில் மரபும் புதுமையும் எவ்வாறு இணைந்தன?
3. அவர் நிலையில் நீவிர் இருந்தால் ஊர் திரும்பியிருப்பீரா? காரணம் கூறுக.