மருந்துக்கடைக்குப் போகும் முன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

செம்பருத்தியிலும் பப்பாளியிலும் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருந்தாய். கம்பைநல்லூரில் புறக்கடையில் நாலு பாத்தி கட்டி விதை போடுகிறவர்கள் முதல் பருவத்திலேயே கேட்கிற கேள்விதான் இது. அதனால் உனக்கு எழுதும் பதிலை மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

இப்போதைக்கு ஒன்றும் அடிக்காதே. தோட்டத்தில் எதன் மேலும் கை வைக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. உரக்கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால், உனக்கு முன்பே அந்தச் செடிக்கு வேலைக்கு வந்திருப்பது யார் என்று பார்த்துவிடு. அதைப் பார்க்கத் தெரிந்துகொள்வதுதான் இந்தத் தொழிலில் பெரும்பாதி.

நீ பார்த்தது மாவுப்பூச்சி. அதிலும் பப்பாளி மாவுப்பூச்சி நம் பக்கத்து ஆட்களுக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போன பூச்சி. மெக்சிகோப் பக்கத்துப் பூச்சியான அது 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடவில்லை. கையில் கிடைத்த மருந்தையெல்லாம் அடித்துப் பார்த்தார்கள். உடம்பு முழுக்க மெழுகு பூசியிருப்பதால் மருந்து உள்ளே இறங்கவில்லை. செத்ததெல்லாம் அதைத் தின்ன வந்த பூச்சிகள். 2010இல் பெங்களூரிலுள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குட்டிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற இனம் மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டை வைக்கும். குஞ்சு உள்ளிருந்து தின்று வெளியே வரும். கொசுவைவிடச் சிறிய உயிர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி மாவட்டம் மாவட்டமாக விட்டது. மருந்தால் முடியாததை அந்தக் குளவி முடித்தது. பிறகு மரவள்ளிக்கென்றே இன்னொரு மாவுப்பூச்சி 2020இல் கேரளத்துக்குள் நுழைந்து, சேலம், நாமக்கல், தருமபுரிக் காடுகளுக்கும் வந்தபோது இதே வழியைத்தான் பிடித்தார்கள். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்த அனகைரஸ் லோபெசி என்ற குளவியை 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

இனி உன் செம்பருத்திக்கு வா. பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள். மருந்து பாட்டிலைவிட மலிவு. அந்த வெள்ளைக் கூட்டத்தில் ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, மெழுகு இழைகள் நீளமாகத் தொங்க, கொஞ்சம் சுறுசுறுப்பாக நடக்கும். அதுதான் பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து முதலில் அதைத்தான் எல்லோரும் நசுக்குகிறார்கள். அது மாவுப்பூச்சியே இல்லை. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898 வாக்கில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம். வளர்ந்த வண்டுக்கு உடம்பு கறுப்பு, தலைப்பக்கம் செம்மஞ்சள். இன்னும் உற்றுப் பார்த்தால் சில மாவுப்பூச்சிகள் உப்பி, பழுப்பேறி, முதுகில் ஊசித்துளை போட்டாற்போல் கிடக்கும். குளவி வேலையை முடித்துவிட்டுப் போன இடம் அது. இலைக்கடியில் மயிரிழை நுனியில் வெள்ளை முட்டை நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பத்து நாள் பொறு.

ஒன்றையும் காணோம் என்றால் எறும்பைத் தேடு. மாவுப்பூச்சி விடுகிற தேன்நீருக்காக எறும்பு காவல் நிற்கும். குளவியையும் பொறிவண்டையும் அண்டவிடாது. தண்டைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவிய துணியைக் கட்டி எறும்பு ஏறும் வழியை மறித்துவிடு. அதிகமாய் அப்பியிருக்கும் நுனியைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடு, மற்றதைத் தண்ணீர் பீய்ச்சி உதிர்த்துவிடு. அதற்கும் மிஞ்சினால் வேப்பங்கொட்டைக் கரைசல் இருக்கிறது. லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சாயங்காலம் தெளிக்க வேண்டும். ஆனால் சாயங்காலம் என்பது எல்லாச் செடிக்கும் பொருந்தாது. பீர்க்கும் சுரையும் பொழுது சாய்ந்த பிறகுதான் பூ விரிக்கும், புடலை ராத்திரியில். அந்தப் பூக்களுக்கு வருவது அந்துப்பூச்சி. பந்தல் கொடிக்குக் காலையில், பூ வாடிய பிறகு தெளி.

கறிவேப்பிலைச் செடியைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்னும் சில நாளில் அதைப் பற்றியும் கேட்பாய். கொழுந்தில் கடுகளவில் வெளிர்மஞ்சள் முட்டை ஒன்று தனியாக ஒட்டியிருக்கும். பொரித்து வரும் புழு முதலில் பறவை எச்சம் போலவே கறுப்பும் வெள்ளையுமாய் இலைமேல் கிடக்கும். குருவி ஏமாந்து விட்டுவிடும். பிறகு தோல் உரித்துப் பச்சையாகும், தலைக்குப் பின்னால் கண் வரைந்ததுபோல் புள்ளி வரும். விரலால் மெல்லத் தொட்டுப் பார், தலையிலிருந்து சிவந்த கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி நெடியடிக்கும். கடிக்காது, ஒன்றும் செய்யாது. அது கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு. எலுமிச்சை அழகியும் இதே செடிக்கு வரும். சின்னச் செடியை இரண்டு மூன்று புழு மொட்டையடித்துவிடும் என்பது உண்மைதான். அதற்கு வழி இரண்டு செடி வைப்பது. சமையலுக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று. சமையல் செடியில் கண்ட புழுவை இலையோடு கிள்ளி மற்றதில் விடு. மொட்டையான கறிவேப்பிலை எப்படியும் துளிர்க்கும், முன்பைவிட அடர்த்தியாகவே. வேலியோரம் எருக்கு முளைத்தால் பிடுங்காதே, வெந்தய வரியன் அதில்தான் முட்டையிடும்.

எல்லாப் புழுவையும் இப்படித் தாங்கு என்று சொல்லமாட்டேன். மழை விட்டதும் முருங்கை அடிமரத்தில் கம்பளிப்பூச்சி மொத்தை மொத்தையாய் ஒட்டிக்கொண்டிருக்கும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அது வேண்டாம். பகலில் ஒரே இடத்தில் கூடியிருக்கும்போதே நீளத் துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளிவிடு, கைக்கு உறை போட்டுக்கொள். கத்தரியில் நுனித்தண்டு தலை தொங்கினால் அதை இரண்டு அங்குலம் கீழே வைத்து வெட்டிப் பிளந்து பார். உள்ளே வெளிர்சிவப்புப் புழு இருக்கும். வெட்டியதைக் குப்பையில் போடாமல் எரித்துவிடு. வாரம் ஒருமுறை இதைச் செய்கிறவளுக்கு இந்தப் புழுவுக்கென்று மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. மோனோகுரோட்டோபாஸ் மட்டும் யார் சொன்னாலும் வீட்டுக்குள் கொண்டுவராதே. காய்கறிக்கு அதை அடிப்பது சட்டப்படி தடை. இருந்தும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. இதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

தக்காளி பூத்துக் கொட்டுகிறது என்றும் எழுதியிருந்தாய். சித்திரை வைகாசியில் அது நோயில்லை, வெயில். பகலில் கொளுத்தி ராத்திரியிலும் புழுக்கம் குறையாவிட்டால் பூ நிற்காது. பாலக்கோட்டுப் பக்கம் மூட்டை மூட்டையாய்த் தக்காளி விளைவிக்கிறவர்களுக்கும் இதே பாடுதான். ஆடிப்பட்டத்துச் செடியிலும் கொட்டினால் அப்போது தேனீயைத் தேடு. தக்காளிப் பூவின் மகரந்தம் உள்ளே கூம்புக்குள் அடைபட்டிருக்கும், நுனித் துளை வழியாகத்தான் கொட்டும். அடுக்குத் தேனீக்கு அதை உலுக்கத் தெரியாது. நீலவரித் தேனீயும், நாம் கருவண்டு என்று சொல்கிற தச்சுத் தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைக்கும். அந்த ரீங்காரம் உனக்கே கேட்கும், மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். ஐரோப்பாவில் கண்ணாடிக்கூடத்தில் தக்காளி வளர்க்கிறவர்கள் இந்த ஒரு வேலைக்காக 1980களின் கடைசியிலிருந்து பம்பிள் தேனீக்களைப் பெட்டியோடு விலைகொடுத்து வாங்குகிறார்கள். உனக்குச் செலவே இல்லை. வெயில் படும் செம்மண் திட்டு ஒன்றைக் கொத்தாமல் மூடாக்குப் போடாமல் விட்டுவை, நீலவரி அதில் வளை தோண்டும். காய்ந்த மரக்கட்டை ஒன்றைக் கூரைக்கடியில் சாய்த்து வை, கருவண்டு குடைந்துகொள்ளும்.

குளவி வீட்டுக்குள் மண்கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று சொல்லி நம் பெரியவர்கள் அதை உடைக்கவிடமாட்டார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் பழக்கம் நல்லது. அந்தக் கூட்டுக்குள் அடைத்து வைத்திருப்பது பெரும்பாலும் உன் செடியில் பிடித்த புழு, இல்லாவிட்டால் சிலந்தி.

சிலந்தி வலையையும் எல்லா மூலையிலும் அடித்துத் துடைக்காதே. தேன்சிட்டுக்கு அதுதான் நார். செம்பருத்திக் கிளையிலோ திண்ணையில் தொங்கும் கம்பியிலோ அது கட்டுகிற கூட்டைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறாயா? காய்ந்த புல், மரப்பட்டைத் துணுக்கு, புழுப்புழுக்கை எல்லாவற்றையும் வலையிழையால் இழுத்து ஒட்டி, குப்பை தொங்குகிறது என்று நினைக்கும்படி கட்டியிருக்கும். பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் சின்னதாய் ஒரு தாழ்வாரம். மருந்தடித்த தோட்டத்தில் தேன் கிடைத்தாலும் வலை கிடைக்காது, குஞ்சுக்குக் கொடுக்கப் பூச்சியும் கிடைக்காது. துணிக்கொடியில் கட்டிவிட்டால் ஒரு மாதம் போலத் துணியை வேறிடத்தில் காயப்போடு. இன்னொன்று, நர்சரியில் அடுக்குச் செம்பருத்தியை நீட்டுவார்கள். பார்க்க அழகு, ஆனால் தேன்சிட்டின் அலகு உள்ளே போகாது. ஒற்றை இதழ்ச் சிவப்பையே கேட்டு வாங்கு.

பாம்பைப் பற்றி நீ கேட்கவில்லை. உன் மாமியார் கேட்டிருப்பார், அதனால் எழுதுகிறேன். செடி இருந்தால் எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். சாரை வந்தால் விட்டுவிடு. எலியைத் தின்ன அதைப்போல ஆளில்லை. எலிப்பசை வைக்காதே. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்தது தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது. எந்த விஷமானாலும், செத்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் ஆபத்து. ஆனால் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் நம் தருமபுரி மாவட்டத்தில் உண்டு என்பதை மறக்காதே. தென்னை மட்டையையும் விறகையும் செங்கல்லையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதே. மூடாக்கைச் சுவரிலிருந்து நாலடி தள்ளியே நிறுத்து. இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் பாத்திக்குப் போகாதே. கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம், தரையில் படுப்பவர்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். கடி பட்டால் கயிறு கட்டாமல், கீறாமல், மந்திரிக்கப் போகாமல் அரூருக்கோ தருமபுரிக்கோ அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை எடுத்துத் தருவதில் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியிலுள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு. 1978இலிருந்து இயங்குகிறது. பிடித்த பாம்பிடம் விஷம் எடுத்த பிறகு அதைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது உனக்கு நினைவிருக்கும். வறண்ட மாவட்டம்தானே என்று பள்ளத்தில் பாத்தி போட்டால் அப்படி ஒரு நாள் போதும். மேட்டுப்பாத்தியே போடு, தண்ணீர் வடிய வாய்க்கால் விடு. நல்ல மழைக்குப் பிறகு ஆப்பிரிக்க நத்தை கிளம்பும். 1847இல் ஒருவர் கல்கத்தாவில் கொண்டுவந்து விட்ட ஜாதி, இன்று நாடு முழுக்க. பப்பாளித் தண்டை நறுக்கி ஈரச் சாக்குக்கடியில் வைத்தால் ராத்திரி அங்கே கூடும். காலையில் உறை போட்ட கையால் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடு. உப்பை மண்ணில் தூவினால் பாத்தி பாழாகும். செம்போத்து வருகிற தோட்டமாக இருந்தால் உனக்குப் பாதி வேலை மிச்சம், அது நத்தையை உடைத்துத் தின்னும். அதற்காகவாவது வேலியோரம் ஒரு புதரை வெட்டாமல் வை.

ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதே. நம் ஊர்ப்பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் அந்தத் திட்டமே வந்தது, 2013இல் தொடங்கி வைத்தார்கள். அது குடிக்க. செடிக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீர் இருக்கிறது. கல்வாழையும் வாழையும் வைத்த குழியில் அதை விட்டால் போதும். கல்வாழைப் பூவுக்குத் தேன்சிட்டும் வரும்.

கடைசியாக ஒரு நோட்டு வாங்கு. மா. கிருஷ்ணன் என்று ஓர் இயற்கை எழுத்தாளர் இருந்தார், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவிலிருந்து வந்த ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை ஒரே பத்தியை எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு வீட்டைச் சுற்றித் திரியும் காக்கையையும் அணிலையும் பற்றி எழுதினார். நீ அவ்வளவு எழுத வேண்டாம். தேதி, மழை பெய்ததா, எந்தச் செடியில் எது வந்தது, அதைத் தின்ன எது வந்தது, எத்தனை நாளில் குறைந்தது. இவ்வளவு போதும். இரண்டு ஆடி இப்படி எழுதிவிட்டால், எனக்கோ உரக்கடைக்கோ கடிதம் போட வேண்டியிருக்காது. உன் மண்ணில் எந்தப் பூச்சி எப்போது வரும் என்பது எங்களைவிட உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

தை மாதம் பொங்கலை ஒட்டி நான்கு நாள் தமிழ்நாடு முழுக்கப் பறவை எண்ணுகிறார்கள், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று பெயர். வீட்டுத் தோட்டத்தில் கால்மணி நேரம் நின்று எண்ணினாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். சின்னான், தையல்சிட்டு, தவிட்டுக்குருவி, கரிச்சான் என்று உனக்குத் தெரிந்த பெயரிலேயே குறித்து வை, சரியான பெயரைக் கண்டுபிடிக்க நான் உதவுகிறேன். இந்தத் தைக்குக் கம்பைநல்லூரிலிருந்து உன் பட்டியலும் போகட்டும்.

அன்புடன்,
அக்கா