வழிப்போக்கருக்கு வைத்த ஈகை
(தம்ம பாடம்)



உலகில் காண்டற்கு அரியவர் இருவர் என்று பகவன் புத்தர் அருளியுள்ளார். பிறர் செய்யுமுன் தாம் முந்தி நன்மை செய்பவர் ஒருவர். தமக்குச் செய்யப்பட்ட நன்மையை அறிந்து, அதற்குத் தக ஒழுகுபவர் மற்றொருவர். பாலி மொழியில் முன்னவரைப் 'புப்பகாரி' என்றும், பின்னவரைக் 'கதஞ்ஞூ கதவேதி' என்றும் கூறுவர். இவ்விருவரையும் ஒரே பாதையில் ஒருங்கே காணக்கூடிய நாடு ஒன்றைப் பற்றி இவ்விதழில் சிந்திப்போமாக.

உறவினருக்கு உதவுவோம், நண்பருக்கு உதவுவோம். அவற்றில் பழைய கடனும் உண்டு, வருங்காலப் பயனும் உண்டு. ஆனால், முதுகில் மூட்டை சுமந்து, மொழியறியாது, வெயிலிலும் மழையிலும் நடந்து செல்லும் அயல்நாட்டான் ஒருவனுக்கு உதவுவதில் பழங்கடன் ஏது? அவன் நாளை நம் ஊரில் இரான்; மீண்டும் வரவும் மாட்டான். அவனுக்கு ஈவதே தானத்தின் தூய வடிவை நமக்குக் காட்டும்.

ஷிகோகு யாத்திரை

ஜப்பான் நாட்டின் பெருந்தீவுகள் நான்கனுள் சிறியது ஷிகோகு. அத்தீவைச் சுற்றி 88 பௌத்தக் கோயில்கள் ஒரு மாலைபோல் அமைந்துள்ளன. நருட்டோ நகரில் உள்ள ரியோசென்ஜி முதற் கோயில். ககாவா மாநிலத்து மலையில் உள்ள ஓகுபோஜி எண்பத்தெட்டாவது. சுற்றுவழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நடந்து செல்வோர்க்குப் பொதுவாக 40 முதல் 60 நாள் வரை ஆகும். இன்று பெரும்பாலோர் பேருந்திலும் காரிலும் செல்லினும், கால்நடையாகச் செல்வோர் இன்னும் உளர். அவருள் அயல்நாட்டாரும் பலர்.

தீவின் நான்கு பகுதிகளையும் நான்கு பயிற்சிக் களங்களாகக் கருதுவர். போதி நாட்டம் எழுதல், ஒழுக்கப் பயிற்சி, ஞானம், நிருவாணம் என்பன அவை. யாத்திரிகர் வெள்ளை மேலாடை தரித்து, கூம்பு வடிவத் தொப்பி அணிந்து, கையில் கோல் கொண்டு நடப்பர். 'இருவர் உடன் செல்கின்றோம்' என்னும் பொருள்படும் வாசகம் அவர் உடைமைகளில் எழுதப்பட்டிருக்கும். உடன் வருபவர் கோபோ தாய்ஷி என்னும் கூக்காய் என்பது அவர் நம்பிக்கை. கூக்காய் 774இல் அத்தீவில் பிறந்து, ஷிங்கோன் என்னும் பௌத்தப் பிரிவை நிறுவி, 835இல் மறைந்த துறவியாவார்.

'ஒசெத்தாய்' என்னும் வழக்கம்

இப்பாதையில் நடப்போர்க்கு அவ்வூர் மக்கள் அளிக்கும் கொடைக்கு 'ஒசெத்தாய்' என்று பெயர். வயலில் வேலை செய்யும் மூதாட்டி கரையேறி வந்து இரண்டு கமலா ஆரஞ்சுப் பழங்களைக் கையில் வைப்பார். கடைக்காரர் தேநீர் தந்து காசு வாங்க மறுப்பார். ஒருவர் சோற்று உருண்டை தருவார். ஒருவர் சில நாணயங்களைத் தருவார். இரவு தங்குவதற்கு இலவசமாகவோ மிகச் சிறு தொகைக்கோ இடம் ஒதுக்கும் இல்லத்தாரும் உளர். கடலுக்கு அப்பாலுள்ள வாகயாமா பகுதி மக்கள், குழுவாகச் சேர்ந்து பொருள் திரட்டி, வேனிற் பருவத்தில் ஷிகோகுவுக்கு வந்து யாத்திரிகருக்கு வழங்கும் பழைய வழக்கமும் உண்டு.

ஈண்டு நாம் உற்று நோக்க வேண்டியவை மூன்று. முதலாவது, யாத்திரிகர் கேட்கவில்லை. கொடை தானே வந்து சேர்கின்றது. இரண்டாவது, கொடையைத் தக்க காரணமின்றி மறுத்தல் ஆகாது என்பது அங்குள்ள மரபு. மறுத்தால் ஈவோர் புண்ணியம் செய்யும் வாய்ப்பை நாம் தடுத்தவராவோம். மூன்றாவது, பெற்றுக்கொண்டவர் தம் பெயர் எழுதிய சிறு தாளொன்றை ஈந்தவர்க்கு அளித்து வணங்குவார்; ஈந்தவரும் வணங்குவார். இருவர் தலையும் ஒருங்கே தாழ்கின்றன. மேலிருந்து கொடுப்பவரும் இல்லை, கீழிருந்து ஏற்பவரும் இல்லை.

இவ்வழக்கத்திற்கு வேராக இரண்டு பழங்கதைகள் சொல்லப்படுகின்றன. எமோன் சபூரோ என்னும் செல்வன் தன் வாயிலில் பிச்சைக்கு நின்ற துறவியை நாள்தோறும் விரட்டினான். இறுதியில் அவருடைய பாத்திரத்தையும் உடைத்தான். பின்னர் அவன் மக்கள் எண்மரும் மாண்டனர். தன் பிழையை உணர்ந்து, அத்துறவியைத் தேடித் தீவை இருபது முறை சுற்றியும் காணாது, இருபத்தோராம் முறை எதிர்த்திசையில் நடந்து சாகுந்தறுவாயில் அவரைக் கண்டான் என்பது முதற்கதை. ஊரார் எவரும் இடந்தர மறுத்தமையால் தாய்ஷி ஒரு பாலத்தின் அடியில் குளிரில் இரவைக் கழித்தார் என்பது இரண்டாவது. அதனால் இன்றும் யாத்திரிகர் பாலத்தின்மேல் செல்லுங்கால் கோலை ஊன்றுவதில்லை. வரலாறு எவ்வாறாயினும் ஆகுக. ஒரு வழிப்போக்கனை விரட்டிய வெட்கத்தை ஒரு மக்கட் கூட்டம் மறவாது நினைவில் வைத்து, அதனையே கொடைக்கு வித்தாக்கிக் கொண்டது என்பதே நமக்குப் பாடம்.

தம்மம் கூறும் தானம்

நல்லோர் ஈயும் முறையைப் பகவன் ஐந்தாக வகுத்துள்ளார். நம்பிக்கையோடு ஈதல், மதிப்போடு ஈதல், காலமறிந்து ஈதல், பற்றற்ற உள்ளத்தோடு ஈதல், தமக்கும் பிறர்க்கும் ஊறு நேராவண்ணம் ஈதல். வயல் மூதாட்டி அளித்த பழத்தை இவ்வைந்தாலும் சோதித்துப் பார்ப்போம். பழத்தின் விலை சிறிது. ஆயினும் அவர் வேலையை விட்டு எழுந்து வந்தார், இரு கையாலும் தந்தார், தாகமுள்ள வேளையில் தந்தார், பெயரும் கேட்கவில்லை. ஐந்தும் நிரம்பின அன்றோ?

மக்களை ஒன்றுசேர்க்கும் பண்புகள் நான்கு என்றும் பகவன் அருளினார். ஈகை, இன்சொல், பயன்படு செயல், சமமாக நடத்துதல் என்பன அவை. நான்காவது இல்லையேல் முதல் மூன்றும் கறைபட்டுப்போம். இதனை நம்மவர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. உள்ளங்கைகளைக் குவித்து நிற்க, உயரத்திலிருந்து ஊற்றப்பட்ட நீரை அருந்தியவர் நம் முன்னோர். அதுவும் ஈகையென்றே பேசப்பட்டது. தாகம் தீர்ந்தது; நெஞ்சு எரிந்தது. ஆதலின் நம்மவருள் பலர்க்கு இன்றும் பிறர் கொடுப்பதை ஏற்கக் கூச்சம் உண்டு. 'எவரிடமும் கைநீட்டேன்' என்பதே மானம் என எண்ணுவோரும் உளர். அவ்வெண்ணம் பிறந்த காரணத்தை நாம் அறிவோம். அதனைப் பழிக்கவும் மாட்டோம். ஆயினும் தானத்தின் மெய்வடிவம் அதுவன்று என்பதை உணர்தல் வேண்டும்.

ஆனந்த தேரரின் வரலாற்றை நினைவுகூர்வோம். கிணற்றடியில் நின்ற மாதங்க குலப் பெண்ணிடம் அவர் தண்ணீர் கேட்டார். அவள் தன் குலத்தைச் சொல்லி அஞ்சினாள். தாம் கேட்டது தண்ணீரே அன்றிக் குலம் அன்று என்றார் தேரர். ஈந்தவள் அவளே, எனினும் அவள் கையிலிருந்து மதிப்போடு ஏற்றதனால் பெரிதாக ஈந்தவர் தேரரும் ஆனார். ஏற்பதும் ஒரு தானமாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதற்கு மறுதலையையும் நாம் அறிவோம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்ற ஆண்டுகளில், தாம் தீண்டப்படாதவர் என்னும் நினைவே நீங்கப்பெற்றிருந்தார் பாபாசாகேப் அம்பேத்கர். 1917இல் பரோடாவுக்குப் பணியேற்க வந்த அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. தம் குலத்தை மறைத்துத் தங்கிய விடுதியிலிருந்தும் தடிகளுடன் வந்த கூட்டத்தால் வெளியேற்றப்பட்டார். அயல்நாட்டில் அயலாராக இல்லாதவர், சொந்த நாட்டில் அயலாரானார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அவர் தம்மம் தழுவியபோது, வழிப்போக்கனுக்குக் கதவடைக்காத ஒரு வாழ்க்கை நெறியையும் நமக்குக் கொடுத்துச் சென்றார்.

காஞ்சியும் ஷிகோகுவும்

ஷிகோகுவின் கொடைக்கும் தென்னகத்திற்கும் தொடர்பொன்று உண்டு. தென்னிந்தியாவிலிருந்து புறப்பட்ட வச்சிரபோதி என்னும் பிக்கு 719இல் கடல்வழியே சீனத்தின் குவாங்சௌ துறைமுகத்தை அடைந்தார். காஞ்சிப் பல்லவரோடு அவருக்கிருந்த தொடர்பையும் பழைய வரலாறுகள் குறிக்கின்றன. அவர் மாணாக்கர் அமோகவச்சிரர். அமோகவச்சிரரின் மாணாக்கர் ஹுய்குவோ என்னும் சீனத் துறவி. 804இல் ஜப்பானிலிருந்து புறப்பட்ட கூக்காயின் கப்பல் புயலில் திசைமாறிச் சீனத்தின் புஜியன் கரையில் ஒதுங்கியது. அங்குள்ள அதிகாரிகள் ஐயுற்று அவர்களைத் தடுத்தனர். தூதருக்காகக் கூக்காய் எழுதிய மடலுக்குப் பின்னரே வழி திறந்தது. தலைநகரை அடைந்த அவ்வயல்நாட்டு இளைஞருக்கு, ஹுய்குவோ சில திங்களிலேயே தாம் அறிந்த முழுவதையும் வழங்கினார்.

தெற்கிலிருந்து சென்றவரைச் சீனம் ஏற்றது. சீனம் சென்ற ஜப்பானியர்க்குத் தென்னாட்டார் கொணர்ந்த செல்வம் கிடைத்தது. அவர் பெயரால் இன்று ஷிகோகு மக்கள் எந்நாட்டாருக்கும் பழமும் தேநீரும் தருகின்றனர். தந்தவர்க்கே திருப்பித் தருதல் ஒருவகை நன்றி. அடுத்து வரும் அயலானுக்குத் தருதல் அதனினும் உயர்ந்த நன்றி.

நிழலும் உண்டு

அந்நாட்டைத் தேவலோகமாக எண்ணிவிடலாகாது. தொழுநோயால் வீட்டைவிட்டு விலக்கப்பட்டோர் பலர் ஒருகாலத்தில் அப்பாதையிலேயே பிச்சை ஏற்று நடந்து உயிர்விட்டனர். 1907இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழி, அலைந்து திரிந்த நோயாளிகளைப் பிரித்து அடைக்கும் முறை தொடங்கியது. 1909இல் ககாவா கடற்பகுதியில் உள்ள ஓஷிமா என்னும் சிறு தீவில் அவர்க்கென ஒரு நிலையம் அமைந்தது. பிரித்துவைக்கும் சட்டம் 1996இல்தான் நீக்கப்பட்டது. 2014இல் கொரியரை இகழும் ஒட்டுத்தாள்கள் யாத்திரைப் பாதையில் காணப்பட்டு, அந்நாட்டாரே வருந்தினர். நல்வழக்கம் ஒன்று இருப்பதனால் மட்டும் தீமை நீங்கிவிடாது. ஒவ்வொரு தலைமுறையும் அவ்வழக்கத்தைப் புதிதாகக் கைக்கொள்ளல் வேண்டும். இது நமக்கும் பொருந்தும்.

நாம் செய்யத்தக்கது

பொருளில்லாதவர் எங்ஙனம் ஈவது என்று சிலர் வினவுவர். பொருளின்றி ஈயத்தக்கவை ஏழு என்று வடநாட்டு பௌத்த மரபு கூறும். கனிந்த பார்வை, மலர்ந்த முகம், இன்சொல், உடலுழைப்பு, நல்லுள்ளம், அமர இருக்கை, தங்க இடம் என்பன அவை. இவற்றுள் ஒன்றேனும் இல்லாத ஏழை இவ்வுலகில் இல்லை.

ஆகவே, நம் ஊர்களுக்கு வேலை தேடி வரும் வேற்று மாநிலத் தொழிலாளரை நோக்குவோமாக. நம் மொழி அறியாது, மூட்டையோடு நம் தெருமுனையில் வழி கேட்டு நிற்பவர் அவர். அவரை நாம் எவ்வாறு நடத்துகின்றோம்? சொம்பில் நீர் தருங்கால் அவர் கையில் தருகின்றோமா, தரையில் வைத்து நகர்த்துகின்றோமா? நமக்குச் செய்யப்பட்டதை நாம் பிறர்க்குச் செய்தல் தகாது. புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளைச் சரணடைந்த நமக்கு, அத்தெருமுனையே தம்மத்தின் தேர்வுக்களம்.

நாமே வேற்றூர் சென்று, அறியாத ஒருவர் அன்போடு தரும்பொழுது, கூச்சத்தை விடுத்து இரு கையாலும் ஏற்போமாக. வணங்கி ஏற்றல் தாழ்வன்று. இரு தலைகளும் தாழும் இடத்தில் தாழ்ந்தவர் எவருமிலர்.

ஞாயிறு வகுப்பில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. புப்பகாரி, கதஞ்ஞூ கதவேதி என்பார் யாவர்? உம் வாழ்வில் கண்ட ஒவ்வொருவரைக் கூறுக.
2. மதிப்போடு தருவதற்கும் இரக்கப்பட்டு எறிவதற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. ஆனந்த தேரர் தண்ணீர் ஏற்றமை எவ்வாறு தானமாயிற்று?
4. பொருளின்றி ஈயத்தக்க ஏழனுள் எதனை இவ்வாரம், எந்த அயலார்க்கு அளிப்பீர்?

எல்லா உயிர்களும் அச்சமின்றி வழிநடக்குமாக!

சாது! சாது! சாது!