மூன்று அறிவியல்கள் சந்திக்குமிடம்
(ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக ஆய்வுகள் – ஒரு பார்வை)

தோற்றுவாய்

கல்லூரிகளில் துறைகளைச் சுவர்கள் பிரிக்கின்றன. வேதியியல் மாணவர் பொருளியல் வகுப்பின் வாயிலைக் கடந்து செல்வாரேயன்றி உள்ளே நுழைவதில்லை. தமிழ் பயில்வோருக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் நெடியே அறிமுகம். அங்கு நிகழும் பணி அறிமுகமன்று. பாடத்திட்டத்தின் பொருட்டு இப்பிரிவினை தேவைப்படுவதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நோயும் பசியும் துறை பார்த்து வருவன அல்ல. அவற்றை எதிர்கொள்ளும் ஆய்வும் ஒரு துறைக்குள் அடங்கி நின்றால் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

ஒன்றின் இயல்பைக் கண்டறிதல், அது மனிதர்க்குப் பயன்படுமா எனச் சோதித்தல், அப்பயன் உரியவரைச் சென்று சேர்கிறதா எனக் கேட்டல் என ஆய்வின் பணியை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவதை இயற்கை அறிவியலும், இரண்டாவதை மருத்துவ அறிவியலும், மூன்றாவதைச் சமூக அறிவியலும் பெரும்பாலும் மேற்கொள்கின்றன. இம்மூன்றும் ஒன்றையொன்று வேண்டி நிற்பதை இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய சில ஆய்வுகளின் வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எட்டு எலிகளும் ஒரு காவலரும்

பெனிசிலின் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் அலெக்சாந்தர் ஃபிளெமிங். 1928இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில், பூஞ்சை படர்ந்த தட்டில் அதனைச் சுற்றியிருந்த நுண்ணுயிரிகள் அழிந்திருப்பதை அவர் கண்டார். ஆனால் அப்பூஞ்சைச் சாற்றைத் தூய மருந்தாக்கும் வழி அவருக்குக் கிட்டவில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாக அக்கண்டுபிடிப்பு ஓர் அரிய செய்தியாகவே இருந்தது.

அதனை மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்போர்டின் நோயியல் துறையினர். துறைத்தலைவர் ஹோவர்ட் ஃபுளோரி ஆஸ்திரேலியாவில் பிறந்த மருத்துவர். எர்ன்ஸ்ட் செயின் இட்லரின் ஆட்சியிலிருந்து தப்பி 1933இல் இங்கிலாந்துக்கு வந்த உயிர்வேதியியலார். இவர்களோடு இணைந்த நார்மன் ஹீட்லி, எளிதில் சிதையும் பெனிசிலினைக் குளிர்நிலையில் பிரித்தெடுக்கும் முறையை வகுத்தார். போர்க்காலமாதலின் கருவிகள் கிடைக்கவில்லை. மருத்துவமனை மலத்தட்டுகளிலும் பால் கலன்களிலும் பூஞ்சை வளர்க்கப்பட்டது.

1940 மே 25ஆம் நாள் எட்டு எலிகளுக்கு உயிர்க்கொல்லி நுண்ணுயிரிகள் செலுத்தப்பட்டன. அவற்றுள் நான்கிற்கு மட்டும் பெனிசிலின் தரப்பட்டது. மறுநாள் விடியலில் மருந்து பெறாத நான்கும் இறந்துகிடந்தன. பெற்ற நான்கும் உயிரோடிருந்தன. ஒப்பிட்டு அறிதல் என்னும் ஆய்வுநெறியின் வலிமைக்கு இதனினும் எளிய சான்று காண்டல் அரிது.

1941 பிப்ரவரியில், தொற்றினால் முகமும் கண்ணும் சிதைந்து உயிருக்குப் போராடிய காவலர் ஒருவருக்கு இம்மருந்து செலுத்தப்பட்டது. அவர் தேறத் தொடங்கினார், காய்ச்சல் தணிந்தது, பசி மீண்டது. ஆனால் மருந்து தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரில் வெளியேறிய பெனிசிலினையும் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினர். அதுவும் போதவில்லை. மார்ச்சு மாதத்தில் அவர் இறந்தார். மருந்து பயனற்றதாகையால் அன்று, அளவிற் குறைந்தமையால் ஓர் உயிர் போயிற்று. இதனை நாம் நினைவில் இருத்திக்கொள்ளல் வேண்டும்.

1945இல் ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவரும் நோபெல் பரிசு பெற்றனர். ஹீட்லிக்கு அதில் பங்கில்லை. மருத்துவரல்லாத அவருக்கு 1990இல் ஆக்ஸ்போர்டு மதிப்புறு மருத்துவ முனைவர் பட்டம் அளித்துத் தன் கடனை ஒருவாறு தீர்த்துக்கொண்டது.

படிகத்துள் ஒளிந்திருந்த வளையம்

மருந்து கிடைத்தது, அதன் மூலக்கூற்றின் வடிவம் யாது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் அதே பல்கலைக்கழகத்தின் டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார். 1910இல் கெய்ரோவில் பிறந்த அவர், படிகத்தின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது சிதறி விழும் புள்ளிகளைக் கணக்கிட்டு, அணுக்கள் நிற்கும் இடங்களை அறியும் கலையில் வல்லவர்.

பெனிசிலினில் நான்கு அணுக்களாலான சிறு வளையம் ஒன்று இருக்கலாம் எனச் சிலர் கருதினர். அத்தகைய வளையம் நிலைத்து நில்லாது எனக் கூறிப் புகழ்மிக்க வேதியியலறிஞர் சிலர் அதனை மறுத்தனர். 1945இல் ஹாட்ஜ்கின் குழுவினரின் கணக்கு அவ்வளையத்தைத் தெளிவாகக் காட்டியது. பெரியோர் கருத்து ஒருபுறம், புள்ளிகள் காட்டிய சான்று மறுபுறம் என நின்றபோது சான்றே வென்றது. பிற்காலத்தில் அவ்வளையத்தை வைத்துக்கொண்டு பக்கக் கிளையை மாற்றியே அம்பிசிலின், அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் உருவாயின. இன்று நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கும் மாத்திரையில் படிகவியலார் ஒருவரின் பொறுமை கலந்திருக்கிறது.

1964இல் ஹாட்ஜ்கின் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்றார். 1935இல் அவர் முதற்படம் எடுத்த இன்சுலினின் முழு வடிவம் 1969இல்தான் வெளிப்பட்டது. அக்குழுவில் இந்தியரான எம். விஜயனும் இருந்தார். முப்பத்துநான்கு ஆண்டுகள் ஒரே வினாவோடு வாழ்தல் எளிதன்று. இளம் வயதிலேயே மூட்டுவாதம் அவருடைய கைகளைத் தாக்கியிருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

உணவு இருந்தும் மாண்டவர்கள்

இனி நாம் சமூக அறிவியலுக்கு வருவோம். 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் மாண்டோர் தொகை 15 இலட்சம் என அரசின் விசாரணை ஆணையம் மதிப்பிட்டது. 30 இலட்சம் வரை இருக்கும் என்பது பிற்கால மதிப்பீடு. அப்பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்ணுற்றவர் அமர்த்தியா சென். அவர் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்தபோது, 1981இல் ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்னும் பொருளுடைய நூலை வெளியிட்டார்.

உணவு குறைந்ததால் பஞ்சம் வந்தது என்பது பொதுவாக நிலவிய கருத்து. சென் கணக்குகளை ஒப்பிட்டார். 1943இல் கிடைத்த உணவு தானியம் முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடே குறைவு. பஞ்சமில்லாத 1941ஐ நோக்க 13 விழுக்காடு மிகுதி என்று கண்டார். அவ்வாறாயின் மக்கள் மாண்டது ஏன்? போர்ச்செலவு விலைவாசியை உயர்த்தியது. அரிசியின் விலை ஏறிய வேகத்திற்கு உழவுக் கூலி ஏறவில்லை. கூலியாட்கள், மீனவர்கள், கைவினைஞர்கள் ஆகியோர் தம் உழைப்பை விற்று உணவைப் பெறும் வலுவை இழந்தனர். உணவின் இருப்பு வேறு, அதனைப் பெறும் உரிமை வேறு என்பதே சென் நிறுவிய கருத்து. அவர் கொண்ட விளைச்சற் கணக்கை ஐயுற்று எழுதிய ஆய்வாளரும் உளர். ஆயினும் பஞ்சம் பற்றிய வினாவையே அந்நூல் மாற்றிவிட்டது.

காவலர் மாண்டது மருந்து இல்லாமையால். வங்காளத்து ஏழைகள் மாண்டது, உணவு இருந்தும் அது கைக்கு எட்டாமையால். முதற்குறையை ஆய்வுக்கூடம் தீர்க்கும். இரண்டாம் குறையை ஆய்வுக்கூடம் மட்டும் தீர்க்கவியலாது.

பெருந்தொற்றுக் காலம்

இவ்வுண்மையை 2020ஆம் ஆண்டு மீண்டும் உணர்த்தியது. அவ்வாண்டு மார்ச்சில் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் பிரித்தானிய மருத்துவமனைகளில் ‘ரெகவரி’ என்னும் பெருஞ்சோதனையைத் தொடங்கினர். நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் புதிய மருந்தையும் பெற்றனர், மற்றவர் வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றனர். எட்டு எலிகளில் கண்ட அதே நெறி பல்லாயிரம் மனிதரிடத்தே விரிந்தது எனலாம்.

உலகெங்கும் பெரிதும் நம்பப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருத்துவமனை நோயாளிகளைக் காக்கவில்லை என அச்சோதனை காட்டியது. விலை மலிந்த பழைய மருந்தான டெக்சாமெத்தசோனோ, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிசன் பெற்றோரின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிசன் தேவைப்படாதோர்க்கு அதனால் பயனில்லை என்பதையும் அச்சோதனையே தெளிவாக்கியது.

அதே பல்கலைக்கழகத்தில் உருவான தடுப்பூசி, இந்தியாவில் புனே நகரில் தயாரிக்கப்பட்டுக் ‘கோவிஷீல்டு’ என்னும் பெயரில் நம்மில் பலர் தோளைச் சேர்ந்தது. அங்குள்ள அரசியல் ஆய்வுத்துறையினர் 180க்கும் மேற்பட்ட நாடுகளின் ஊரடங்கு, பள்ளி மூடல், உதவித்தொகை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பதிவு செய்தனர். எனினும் 2021இல் செல்வ நாடுகளின் மக்களிற் பெரும்பாலோர் இரு தவணைகளும் பெற்ற வேளையில், ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் முதல் தவணையே பெரும்பாலோரை எட்டவில்லை. சென் எழுப்பிய வினா அங்கே மீண்டும் எழுந்தது.

நிறைவுரை

மேற்கண்ட ஆய்வுகளால் நாம் பெறும் தெளிவு இரண்டு. துறைகள் வேறுபடினும் நெறி ஒன்றே. அது, நம்பியதைச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, சான்று மறுத்தால் நம்பிக்கையைக் கைவிடுதல். இது முதலாவது. கண்டறிதலும் குணப்படுத்தலும் கொண்டு சேர்த்தலும் ஒரே பணியின் மூன்று படிகள். இது இரண்டாவது.

ஆய்வுக்குப் பெருஞ்செல்வமும் பெருங்கருவியும் வேண்டும் என நம் மாணவர்கள் தயங்குவதுண்டு. ஹீட்லியிடம் இருந்தவை மலத்தட்டுகளும் பால் கலன்களுமே. சென் கையாண்டவை எவரும் காணத்தக்க பழைய கணக்கேடுகளே. நம் கல்லூரியின் வேதியியல் மாணவர் ஊர்க் கிணற்று நீரைச் சோதிக்கலாம். அந்நீரைப் பருகுவோரின் நோயை மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து கேட்டறியலாம். நல்ல நீர் எத்தெருவுக்கு வருகிறது, எத்தெருவுக்கு வரவில்லை என்பதைப் பொருளியல் மாணவர் கணக்கெடுக்கலாம். கண்டதை ஊரார்க்கு விளங்கும் நடையில் எழுதித் தரும் பொறுப்பைத் தமிழ் மாணவர் ஏற்கலாம். துறைகளைப் பிரிக்கும் சுவர்களை இடிக்க வேண்டுவதில்லை. அவற்றில் வாயில்கள் உண்டு என்பதை உணர்ந்து நடந்தால் போதும்.