டாலரில் வாங்கும் சரக்கு: பேரேட்டில் எழுதும் முறையும் ஃபார்வர்டு ஒப்பந்தமும்

பர்மா உளுந்து வரவழைக்கும் பருப்பு மொத்த வியாபாரிகளுக்கும், ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக் கொட்டை தருவிப்போருக்கும் ஒரு பொதுவான சங்கடம் உண்டு. விலை பேசுவது டாலரில், விற்பது ரூபாயில். இடையில் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடுகிறது. 1991 ஜூலை முதல் வாரத்தில் இரண்டு கட்டமாக ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது, 21 ரூபாய் அளவில் இருந்த டாலர் 26 ரூபாயை ஒட்டி வந்தது. 1993 மார்ச் முதல் மாற்று விலையைச் சந்தையே தீர்மானித்து வருகிறது. 2013 மே தொடக்கத்தில் 54 ரூபாய் சுமாராக இருந்த டாலர், ஆகஸ்ட் இறுதியில் 68 ரூபாயைத் தாண்டியது. நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய் லாபத்துக்கு மூட்டை விற்பவர் இதைத் தாங்க முடியாது.

முதலில் கணக்கெழுதும் முறையைப் பார்ப்போம். இதற்கான விதிகள் பட்டயக் கணக்காளர் கழகத்தின் 11ஆம் எண் கணக்கியல் தரத்தில் உள்ளன. (இண்ட் ஏ.எஸ். பின்பற்றும் பெரிய கம்பெனிகளுக்கு முறை வேறு.)

எடுத்துக்காட்டாக, டன் 800 டாலர் வீதம் 100 டன் உளுந்து வாங்குகிறோம். மொத்தம் 80,000 டாலர். கப்பல் ரசீது தேதி பிப்ரவரி 10. அன்று சரக்கின் பொறுப்பு நம்முடையதாகிறது. அன்றைய விலை 83 ரூபாய் என்று கொள்வோம். கொள்முதல் கணக்கில் பற்று ரூ. 66,40,000, விற்றவர் கணக்கில் வரவு அதே தொகை. மார்ச் 31இல் பாக்கி நிற்கிறது; டாலர் ரூ. 84.20. விற்றவருக்குத் தர வேண்டியது ரூ. 67,36,000 என்றே ஐந்தொகையில் காட்ட வேண்டும். வித்தியாசம் ரூ. 96,000 அந்த வருடத்து லாப நட்டக் கணக்கில் நட்டம். மே 10இல் ரூ. 83.70 வீதம் பணம் கட்டினால் ரூ. 66,96,000 போகும், மிச்சமான ரூ. 40,000 அடுத்த வருடத்து ஆதாயம்.

இங்கே பல கடைகளில் நடப்பது என்னவென்றால், அந்த 96,000 ரூபாயைச் சரக்கின் அடக்கத்தில் ஏற்றிவிடுகிறார்கள். இது தவறு. இருப்பிலுள்ள சரக்கின் அடக்கம் 83 ரூபாய் கணக்கிலேயே நிற்க வேண்டும். ஏற்றினால் இருப்பு மதிப்பு கூடி, இல்லாத லாபத்தைக் காட்டும். அதை நம்பி மறு கொள்முதலுக்குக் கை நீட்டுவதுதான் ஆபத்து. முன்பணம் அனுப்பியிருந்தால், அந்தப் பகுதி அனுப்பிய தேதி விலையிலேயே நிற்கும்; மார்ச் 31இல் அதைத் தொட வேண்டியதில்லை.

சுங்க இலாகா அறிவிக்கும் மாற்று விலை தீர்வை கணக்கிடுவதற்கு மட்டுமே. அதை வைத்துக் கொள்முதல் எழுதக் கூடாது. சுங்கப் பத்திரத்தின் மதிப்பும் பேரேட்டின் மதிப்பும் ஒத்துப்போகாமல் இருப்பது இயல்பே; வித்தியாசத்துக்கு ஒரு தாள் எழுதி ஃபைலில் வைத்தால் தணிக்கையில் தொந்தரவில்லை.

இனி ஃபார்வர்டு ஒப்பந்தம். மே 10இல் 80,000 டாலரை ரூ. 83.45க்குத் தருவதாக பிப்ரவரி 10ஆம் தேதியே வங்கி ஒப்புக்கொள்கிறது. அன்றைய விலைக்கு மேல் உள்ள 45 காசுதான் பிரீமியம். பொதுவாக நம் நாட்டு வட்டி அமெரிக்க வட்டியைவிட அதிகம். பெரும்பாலும் அந்த வித்தியாசமே பிரீமியமாக வருகிறது. ஆகவே வங்கி தன் இஷ்டத்துக்குப் போடும் தண்டம் என்று இதை எண்ண வேண்டாம். மொத்தம் ரூ. 36,000. ஒப்பந்த காலமான 89 நாளில் மார்ச் 31 வரை 49 நாள், ஆகவே ரூ. 19,820 இந்த வருடச் செலவு, ரூ. 16,180 அடுத்த வருடச் செலவு. விற்றவர் கணக்கில் வந்த 96,000 நட்டத்துக்கு எதிராக ஒப்பந்தத்தில் 96,000 ஆதாயம் எழுதப்படும்; இரண்டும் நேராகிவிடும்.

டாலர் 82க்கு இறங்கினால் ஒப்பந்தம் போட்டவர், “1,16,000 ரூபாய் போயிற்றே” என்று வருந்துவார். 83.45ஐ அடக்கமாக வைத்து விற்பனை விலை பேசியிருந்தால் அவருடைய லாபம் அப்படியே இருக்கிறது. உளுந்து வியாபாரி டாலர் வியாபாரம் செய்யப் புறப்படவில்லை.

எல்லாச் சரக்குக்கும் ஒப்பந்தம் தேவையா? இறக்குமதியை நம்பியிருக்கும் சரக்கில், டாலர் ஏறினால் உள்ளூர் மண்டி விலையும் பெரும்பாலும் ஏறுகிறது. குடோனில் விற்காமல் இருக்கும் மூட்டைக்கு அதுவே ஓரளவு பாதுகாப்பு. ஆனால் மில்காரருக்கு நிச்சய விலை சொல்லி விற்றுவிட்ட பிறகு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே விற்பனை விலை நிச்சயமாகும் அன்றே அந்த அளவுக்கு டாலரை நிச்சயம் செய்துகொள்வது என் கணிப்பில் சரியான வழி. மீதிக்குப் பாதி போடலாம், விடலாம். அது அவரவர் முதலையும் துணிவையும் பொறுத்தது.

வங்கி சொல்லும் விலையில் அதன் லாபமும் அடங்கியிருக்கும். அதை ஒப்பிட்டுப் பார்க்க 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட எஃப்எக்ஸ்-ரீடெய்ல் தளம் உதவும். கப்பல் தாமதமாகும் என்று சந்தேகம் இருந்தால், ஒரே தேதிக்குப் போடாமல், ஒரு மாத இடைவெளிக்குள் எந்த நாளிலும் டாலர் எடுத்துக்கொள்ளும் வகையில் ஒப்பந்தம் கேளுங்கள். தேதி தப்பி ரத்து செய்ய நேர்ந்தால், அன்றைய விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை வங்கி நம் கணக்கில் பற்று எழுதிவிடும்.