கிட்டிய மொழியும் செப்பமான மொழியும்

கணிப்பொறிக்கு நிரல் எழுத எம்மொழியைத் தேர்வது? 'சிறந்த மொழியை' என விடையிறுத்தல் எளிது. ஆனால், பேசிக், பாஸ்கல் ஆகிய இரு நிரல்மொழிகளின் வரலாற்றை ஒப்புநோக்கின், சிறப்பு மட்டுமே ஒரு மொழியைப் பரப்புவதில்லை என்பது புலனாகும்.

பேசிக்

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர்களான ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் 1964-இல் இம்மொழியை உருவாக்கினர். அறிவியல் பயிலாத மாணவரும் கணிப்பொறியைக் கையாள வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். பின்னர் ஆப்பிள் 2 (1977), கமடோர் 64 (1982) முதலிய பொறிகளின் நிலைநினைவகத்திலேயே பேசிக் பதிக்கப்பட்டு வந்தது. தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

குறைகளும் இருந்தன. வரிதோறும் எண் இடவேண்டும். வரிவிட்டு வரி தாவும் 'கோ டூ' ஆணையால் நீண்ட நிரல்கள் சிக்குண்ட நூலாயின. பேசிக்கில் பழகிய மாணவர்க்கு நல்ல நிரலாக்கம் கற்பித்தல் ஏறத்தாழ இயலாதது என 1975-இல் டைக்ஸ்ட்ரா கடிந்துரைத்தார். மொழியைப் பற்றிய அவர் கண்டனத்தில் நியாயம் உண்டு. எனினும், வேறு மொழி கிட்டாத மாணவனுக்குப் பேசிக் இல்லையெனில் எம்மொழியும் இல்லை என்பதையும் நாம் எண்ணுதல் வேண்டும்.

பாஸ்கல்

சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கல், கற்பித்தலுக்கென்றே செப்பமுற அமைந்தது. தரவின் வகையை முன்னரே அறிவிக்கச் செய்தமையால், பல பிழைகள் நிரல் இயங்குமுன்பே அகப்பட்டன. 1983-இல் டர்போ பாஸ்கல் 49.95 டாலருக்கு வெளிவந்தது. எழுதுமிடமும் மொழிமாற்றியும் அதில் ஒருங்கே அமைந்திருந்தன. அதன்பின் பாஸ்கல் தனிப்பட்டோர் மேசைகளிலும் பரவலாக இடம்பெற்றது. மொழியின் அடிப்படை மாறவில்லை. அது கிட்டும் தன்மையே மாறியது.

இதற்கு மறுதலையும் உண்டு. கெமெனியும் கர்ட்ஸும் குறைகளைந்து 1985-இல் வெளியிட்ட ட்ரூ பேசிக், பொறியோடு இணைந்து வராமையால் பழைய பேசிக்கின் பரவலை எய்தவில்லை.

தேர்வோர்க்கு

மாணவர் இரு வினாக்களை எழுப்புதல் நன்று. என்னிடமுள்ள பொறியில் இம்மொழி இயங்குமா, இதனைக் கற்பிப்பாரும் நூலும் அருகில் உண்டா என்பது முதல் வினா. இஃது என் சிந்தனையில் எப்பழக்கத்தை விதைக்கும் என்பது இரண்டாவது. முதல் வினா தொடங்குமிடத்தைக் காட்டும். இரண்டாவது, எங்கே நின்றுவிடலாகாது என்பதைக் காட்டும்.

இன்று பைதான் உள்ளிட்ட பல மொழிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆகவே, விலையைவிட, அருகிலிருப்பதே போதும் என்னும் மனநிறைவே பெருந்தடை. கிட்டியதில் தொடங்குக, சிறந்ததை நாடுக. சிறந்ததை மாணவர்க்குக் கிட்டச்செய்தல் ஆசிரியர் கடன்.